இரு கப்பல்கள், ஒரு பயணம்

திருவனந்தபுரத்து ஆரியசாலையில் பொழுது சாயும் நேரத்தில் நடந்து பாருங்கள். ஒருபுறம் சாலைக் கடைத்தெருவின் இரைச்சல். மறுபுறம் மூட்டைகளை இறக்கும் வண்டிகள். இவற்றுக்கிடையே ஏதேனும் ஒரு சந்தில், மூடிய கடையின் பலகைக் கதவையே விக்கெட்டாகக் கொண்டு சிறுவர் சிலர் பந்து வீசிக்கொண்டிருப்பர். பாட்டன் காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வணிகத்திற்காக வந்து தங்கியோரின் பிள்ளைகள் அவர்களுள் உண்டு. பந்து சாக்கடையில் விழுந்தால் ஆட்டம் சற்று நிற்கும். அதைக் கழுவித் துடைத்தபின் மீண்டும் தொடங்கும். அங்கிருந்து பேருந்தில் ஏறினால் காரியவட்டத்தில் உள்ள பன்னாட்டு விளையாட்டரங்கின் வாயிலில் இறங்கிவிடலாம். ஆனால் சந்தில் பந்து வீசும் சிறுவன் அவ்வரங்கினுள் வீரனாக நுழையும் வழி, பேருந்து செல்லும் வழியைவிட மிக நெடியது.

எல்லா நாடுகளிலும் இளைஞர்கள் இவ்வழியில் நடந்து பார்த்துள்ளனர். அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் பந்தாட்டம் பெரும் புகழுடையது. அங்குள்ள சிற்றூர் இளைஞர்கள் பெரிய அணிகள் நடத்தும் தேர்வுகளுக்குக் கையுறையும் கனவுமாகச் செல்வர். பெரும்பாலோர் அன்று மாலையே வீடு திரும்புவர். நம் நாட்டில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தகைய தேர்வுகள்கூட இல்லை. யாரேனும் ஒருவர் கண்ணில் பட வேண்டும்; அவரும் கைகொடுக்க மனம் கொள்ள வேண்டும். அக்காலத்தில் செங்கல்பட்டுச் சீமையைச் சேர்ந்த ஒரு சிற்றூர்ப் பிள்ளை, ஒன்றன்று, இரண்டு விளையாட்டுகளில் இந்தியாவுக்காக ஆடும் தகுதியைப் பெற்றார். அவரே எம். ஜே. கோபாலன்.

மொரப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன் என்பது அவர்தம் முழுப்பெயர். பெயரின் முதற்பகுதியே ஊரைச் சொல்லிவிடுகிறது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் 1909ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் அவர் பிறந்தார் என்பது ஆவணங்கள் தரும் செய்தி. இளமையிலேயே சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார்.

அவர் வாழ்வில் திருவல்லிக்கேணிக்குத் தனி இடம் உண்டு. ஒருபுறம் பார்த்தசாரதி கோயிலும் மாட வீதிகளும், மறுபுறம் கடற்கரை, நடந்து செல்லும் தொலைவிலேயே சேப்பாக்கம் திடல். அத்திடல் அன்று வெள்ளையர் நடத்திய சென்னை கிரிக்கெட் கழகத்திற்குரியது. இந்தியர் அங்கு ஆடலாம். ஆயினும் வெள்ளையரோடு சரியாசனம் இல்லை. இந்நிலை பொறாத புச்சிபாபு நாயுடு என்னும் செல்வர் 1888இல் இந்தியர்க்கென மதராஸ் யுனைடெட் கழகத்தைத் தோற்றுவித்தார். இந்தியரும் ஐரோப்பியரும் எதிரெதிராக மோதும் மாகாணப் போட்டிக்கும் அவரே வித்திட்டார். பின்னாளில் அப்போட்டி பொங்கல் திருநாளையொட்டி ஆண்டுதோறும் நடைபெற்றது. கோபாலன் பந்தைக் கையில் எடுத்தபோது சென்னையில் கிரிக்கெட் இவ்வாறு வேரூன்றியிருந்தது. திருவல்லிக்கேணி கிரிக்கெட் கழகமும் மயிலாப்பூரைச் சேர்ந்த கழகமும் மோதும் நாளில் இரு பேட்டைகளும் இரு நாடுகளைப் போலப் பிரிந்து நிற்கும். கோபாலன் திருவல்லிக்கேணிப் பக்கம்.

அவர் வலக்கைப் பந்துவீச்சாளர். மிதவேகத்திற்குச் சற்று மேலான வேகம் உடையவர். வேகத்தைவிடப் பந்தைக் காற்றில் வளைப்பதே அவர் கலை. புதிய கிரிக்கெட் பந்தின் நடுவில் தையல் ஓடும். ஒரு பக்கத்தைத் துணியில் தேய்த்துப் பளபளப்பாக வைத்துக்கொண்டு, தையலைச் சற்றே சாய்த்துப் பிடித்து வீசினால் பந்து நேரே செல்லாது. காற்றில் ஒருபுறமாக வளையும். கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று இதற்குத் துணைசெய்யும் என்று ஆட்டக்காரர் நம்புவர். வளைவின் அளவை உணர்ந்து, வேண்டிய இடத்தில் பந்தை விழச் செய்வதற்கு மட்டும் எந்தக் காற்றும் துணைவராது. அது பல ஆண்டுப் பயிற்சியால் கைவருவது.

இக்கலையைக் கண்டுகொண்டவர் ஓர் ஆங்கிலேயர். சி. பி. ஜான்ஸ்டன் என்னும் அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கும் கென்ட் அணிக்கும் ஆடியவர். சென்னைக் கிரிக்கெட்டை வளர்த்தவர்களுள் முதன்மையானவர். அவர் கோபாலனைப் பாராட்டியதோடு நிற்கவில்லை. பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடைக்கச் செய்தார். இவ்வுதவியின் அருமை இன்றைய மாணவர்க்கு எளிதில் விளங்காது. அன்று கிரிக்கெட் ஆடிப் பிழைக்க இயலாது. குறுநில மன்னர்களின் அரண்மனைகளில் சிலர் வீரர்களாகப் போற்றப்பட்டனர். ஏனையோர் சொந்தப் பொருளைச் செலவிட்டே ஆடினர். மாதச் சம்பளமும், போட்டிக்கு விடுமுறையும் தரும் வேலை ஒன்று இல்லையெனில் எளிய குடும்பத்து இளைஞனின் ஆட்டம் ஊர்த் திடலோடு முடிந்துபோயிருக்கும். வெள்ளையரின் ஆட்சியை எதிர்த்து நாடெங்கும் போராட்டம் நடந்த அதே காலத்தில், ஒரு வெள்ளையரின் கை இந்திய இளைஞர் ஒருவரைத் தூக்கிவிட்டது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே.

1926-27 பருவத்தில் கோபாலன் முதல்தரப் போட்டிகளில் அடியெடுத்து வைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1930-31 பருவத்தில், அவர் பெயரைச் சென்னை முழுதும் பேசவைத்த நிகழ்ச்சி ஒன்று சேப்பாக்கத்தில் நடந்தது.

விஜயநகரம் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் அவ்வாண்டு தம் பெயரில் ஓர் அணியைத் திரட்டி இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் செய்தார். 'விஸ்ஸி' என்று அழைக்கப்பட்ட அவரை இப்பாடத்தில் மீண்டும் ஒருமுறை காண்போம். அவர் அணியில் இங்கிலாந்தின் புகழ்மிக்க மட்டையாளர்களான ஜாக் ஹாப்ஸும் ஹெர்பர்ட் சட்கிளிஃபும் இருந்தனர். ஹாப்ஸின் பெருமையைச் சொல்ல ஒரு செய்தி போதும்: முதல்தர ஆட்டங்களில் அவர் 190க்கும் மேற்பட்ட முறை நூறு ஓட்டங்களைக் கடந்தவர். இன்றுவரை அதனை எவரும் எட்டவில்லை. ஐம்பது வயதை நெருங்கியிருந்தாலும் அவர் மட்டையில் பழுது காண்பது அரிது. அவர் ஆடுவதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் திரண்டது.

கோபாலன் வீசிய பந்து ஹாப்ஸின் கால்பக்கத்துக் குச்சிக்கு நேராக விழுந்தது; விழுந்தபின் திசைமாறி எதிர்ப்பக்கத்துக் குச்சியைச் சாய்த்தது. கிரிக்கெட் அறிந்தோர்க்கு இதன் பொருள் தெரியும். மூன்று குச்சிகளின் அகலத்தையும் கடந்து செல்லுமளவுக்குப் பந்து விலகியது. உலகின் தலைசிறந்த மட்டையாளரின் தடுப்பையும் கடந்து சென்றது. ஹாப்ஸ் வெளியேறினார். மொரப்பாக்கத்துப் பிள்ளையின் தேர்வு அந்த ஒரு பந்தில் முடிந்துவிட்டது எனலாம்.

ஆயினும் இந்திய அணியின் கதவு திறக்க மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. 1933-34இல் டக்ளஸ் ஜார்டைன் தலைமையில் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் தொடர் அதுவே. கல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில் 1934 ஜனவரி 5ஆம் நாள் தொடங்கிய இரண்டாம் டெஸ்ட் போட்டியில் சி. கே. நாயுடுவின் தலைமையின்கீழ்க் கோபாலன் களமிறங்கினார். தலையில் பந்து தாக்கிய திலாவர் ஹுசைன் கட்டுடன் திரும்பி வந்து ஆடிய போட்டி என்று அதனை இன்றும் நினைவுகூர்வர். கோபாலன் ஒரு விக்கெட் வீழ்த்தினார். இரு முறை மட்டைபிடித்து மொத்தம் பதினெட்டு ஓட்டங்கள் எடுத்தார். பெரிய வெற்றி இல்லை. தோல்வி என்றும் சொல்வதற்கில்லை. போட்டியும் வெற்றி தோல்வியின்றியே முடிந்தது.

அடுத்த டெஸ்ட் போட்டி பிப்ரவரியில் நடந்தது. இடம் சேப்பாக்கம். சென்னை நகரம் காணும் முதல் டெஸ்ட் போட்டி. அவர் வளர்ந்த திருவல்லிக்கேணியிலிருந்து நடந்தே செல்லக்கூடிய திடல். ஆனால் அணியில் கோபாலன் பெயர் இல்லை.

அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் அதே சேப்பாக்கம் அவருக்கு வேறொரு சிறப்பை அளித்தது. முந்தைய ஆண்டு மறைந்த ரஞ்சித்சிங்ஜியின் பெயரால் மாகாணங்களுக்கிடையிலான போட்டி ஒன்று தொடங்கப்பட்டது. இன்று நாம் ரஞ்சிக் கோப்பை என்று வழங்குவது அதுவே. அதன் முதல் ஆட்டத்தில் சென்னையும் மைசூரும் மோதின. முதல் பந்தை வீசியவர் கோபாலன். மூன்று நாள் ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோயிற்று! மைசூர் அணி முதலில் 48 ஓட்டங்களுக்கும் பின்னர் 59 ஓட்டங்களுக்கும் சுருண்டது. இடையே சென்னை எடுத்த 130 ஓட்டங்களே வெற்றிக்குப் போதுமானதாயின. ஏ. ஜி. ராம்சிங் மட்டும் பதினொரு விக்கெட்டுகளைக் கைப்பற்றினார்.

இதுவரை கிரிக்கெட்டைப் பற்றியே பேசினோம். கோபாலனின் மறு கையில் வளைகோல் ஒன்றும் இருந்தது. ஹாக்கி எனப்படும் வளைகோல் பந்தாட்டத்தில் இந்தியாவுக்கு அன்று உலகில் இணையில்லை. 1928இல் ஆம்ஸ்டர்டாமிலும் 1932இல் லாஸ் ஏஞ்சலிஸிலும் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் இந்திய அணியே தங்கம் வென்றது. கோபாலன் 'சென்டர் ஹாஃப்' என்னும் இடத்தில் ஆடினார். களத்தின் நடுவில் நின்று, எதிரணியின் தாக்குதலைத் தடுக்கவும் வேண்டும். பந்தைத் தம் அணியின் முன்வரிசைக்குச் சேர்க்கவும் வேண்டும். ஓயாமல் ஓட வேண்டிய இடம் அது.

1935இல் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்துக்குச் சென்றபோது கோபாலனும் அதில் இடம்பெற்றார். அணித்தலைவர் தியான் சந்த். இலங்கை, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் ஆடிய அவ்வணி, அப்பயணத்தில் 48 ஆட்டங்களில் 584 கோல்களைக் குவித்தது. அவற்றுள் தியான் சந்த் ஒருவர் மட்டுமே அடித்தவை 201. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் கிரிக்கெட் மேதை டான் பிராட்மன் இவ்வணியைக் கண்டு வியந்தார் என்பர். அந்த அணியில் தம்மைப் போலவே கிரிக்கெட் பந்தைக் கையாளும் தமிழர் ஒருவர் இருப்பதை அவர் அறிந்தாரோ என்னவோ!

1936ஆம் ஆண்டு பிறந்தது. கோபாலனின் வாழ்வை இரண்டாகப் பிரித்தால், பிரிக்கும் கோடு இங்கேதான் விழும்.

அவ்வாண்டு ஆகஸ்டில் பெர்லின் நகரில் ஒலிம்பிக் போட்டிகள். நியூசிலாந்தில் ஆடித் திரும்பிய கோபாலனுக்கு ஹாக்கி அணியில் இடம் ஏறத்தாழ உறுதி என்றே கருதப்பட்டது. அதே கோடையில் இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்து செல்லவிருந்தது. அவ்வணியிலும் அவருக்கு அழைப்பு. இரண்டும் கப்பல் பயணங்கள். பல வாரங்கள் கடலில் கழியும். கிரிக்கெட் அணி ஏப்ரலில் சென்றால் செப்டம்பரில்தான் திரும்பும். ஒன்றில் ஏறினால் மற்றொன்றில் ஏற இயலாது.

எதனைத் தேர்வது? மாணவர்கள் இங்கு நூலை மூடிவைத்துச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். ஹாக்கி அணி இருமுறை உலகை வென்றது. மூன்றாம் முறையும் வெல்லும் என்று எல்லோரும் நம்பினர். கிரிக்கெட்டிலோ இந்தியா 1932இல்தான் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது. அதுவரை ஒரு டெஸ்டிலும் வென்றதில்லை. கணக்குப் பார்ப்பவர் எவரும் பெர்லினையே சுட்டுவர். ஆனால் கிரிக்கெட்டின் தாயகத்தில், லார்ட்ஸ் திடலில், டெஸ்ட் போட்டியில் பந்து வீசுவது அன்றைய பந்துவீச்சாளர் எவருக்கும் பெருங்கனவு. கோபாலனின் கணக்கில் அதுவரை ஒரே ஒரு டெஸ்ட் மட்டுமே இருந்தது.

அவர் இங்கிலாந்துக் கப்பலில் ஏறினார்.

அதே அணியில் சென்னையைச் சேர்ந்த மற்றொருவரும் இருந்தார். புச்சிபாபு நாயுடுவின் மகன் சி. ராமசாமி, வயது நாற்பது. அவர் 1920களில் டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியில் இந்தியாவுக்காக ஆடியவர். இரு விளையாட்டுகளில் நாட்டுக்காக ஆடிய இந்தியர் மிகச் சிலரே. அவர்களுள் இருவர், ஒரே ஊரினர், ஒரே கப்பலில்!

பயணம் தொடக்கத்திலிருந்தே நன்றாக அமையவில்லை. அணித்தலைவராகச் சென்றவர் முன்பு நாம் கண்ட விஸ்ஸி. ஆட்டத்திறத்தால் அன்று, செல்வாக்கினாலேயே அவர் அப்பதவியைப் பெற்றார் என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு இல்லை. அணி இரு பிரிவாகப் பிளவுபட்டது. சிறந்த ஆட்டக்காரரான லாலா அமர்நாத் முதல் டெஸ்டுக்கு முன்பே, ஒழுங்கு மீறினார் என்ற குற்றச்சாட்டின்பேரில், தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டார். புதிய பந்தை வீச முகமது நிசாரும் அமர்சிங்கும் இருந்தனர். இருவரும் உலகத்தரம் வாய்ந்தவர்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

ஜூன் இறுதியில் லார்ட்ஸ் டெஸ்ட் தொடங்கியது. கோபாலன் ஆடவில்லை. ஜூலையில் மான்செஸ்டரில் இரண்டாம் டெஸ்ட். விஜய் மெர்ச்சன்டும் முஷ்டாக் அலியும் தொடக்க இணையாக 203 ஓட்டங்கள் சேர்த்துத் தோல்வியைத் தவிர்த்தனர். நாற்பது வயதில் முதல் டெஸ்ட் ஆடிய ராமசாமி 40, 60 என ஓட்டங்கள் எடுத்து இளைஞரை வியக்கவைத்தார். கோபாலன் அதிலும் ஆடவில்லை. பயணத்தின் சிறிய ஆட்டங்களில் பந்து வீசினார். பெரிய ஆட்டம் நடந்த நாள்களில் வெளியே அமர்ந்து பார்த்தார்.

மூன்றாம் டெஸ்ட் இலண்டன் ஓவல் திடலில். தொடங்கிய நாள் ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. அந்த அணியிலும் கோபாலன் பெயர் இல்லை. இங்கிலாந்தின் வால்டர் ஹாமண்ட் இந்தியப் பந்துவீச்சைச் சிதறடித்து இரட்டைச் சதம் கடந்தார்.

அதே ஆகஸ்ட் 15ஆம் நாள் பெர்லினில் ஹாக்கி இறுதிப் போட்டி நடந்தது. முந்தைய நாளே நடந்திருக்க வேண்டிய ஆட்டம் அது, மழையால் தள்ளிவைக்கப்பட்டது. சில வாரங்களுக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் இந்தியாவை 4-1 எனத் தோற்கடித்த ஜெர்மனியே எதிரணி. முதற்பாதியில் இந்தியாவுக்கு ஒரே ஒரு கோல். இரண்டாம் பாதியில், ஈரத்தரையில் கால் வழுக்காதிருக்கத் தியான் சந்த் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினார் என்பது பலரும் கூறும் செய்தி. முடிவில் இந்தியா 8, ஜெர்மனி 1. மூன்றாம் முறையாகத் தங்கம். விடுதலை பெறாத நாட்டின் வீரர்கள், அவர்கள் அறியாமலே, பதினோர் ஆண்டுகளுக்குப் பின் விடுதலை நாளாகவிருந்த ஒரு நாளில் அவ்வெற்றியைப் பெற்றனர்.

இந்திய அணியினர் தங்கப் பதக்கம் பெற்ற அந்நாளில் கோபாலன் இங்கிலாந்தில் இருந்தார். பெர்லின் களத்திலும் இல்லை, ஓவல் களத்திலும் இல்லை.

ஊர் திரும்பியவர் என்ன செய்தார் என்பதே இவ்வரலாற்றில் மிகவும் கருதத்தக்கது. அவர் மீண்டும் சேப்பாக்கத்தில் பந்தெடுத்தார். இந்தியாவுக்காக ஆடும் வாய்ப்பு பின்னர் வரவே இல்லை. உலகப் போர் மூண்டது. பன்னாட்டுப் போட்டிகள் நின்றன. ஒரு பந்துவீச்சாளரின் நல்ல ஆண்டுகள் போரோடு போயின. ஆயினும் சென்னை அணிக்காக ஆடினார், அதற்குத் தலைமையும் தாங்கினார். முதல்தர ஆட்டங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 194. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆடிய பின்னரே ஓய்வு பெற்றார். 1950களில் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஒருவரானார். தேர்வுக்காகக் காத்திருப்பதன் வலியைத் தேர்வாளருள் அவரைவிட நன்கறிந்தவர் இருந்திருப்பாரோ!

அவரது நீண்ட ஆட்ட வாழ்வைச் சிறப்பிக்க, 1952-53 பருவம் முதல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 'கோபாலன் கோப்பை' ஆட்டம் தொடங்கியது. பாக் நீரிணைக்கு இருபுறமும் கிரிக்கெட் உறவு முன்பே இருந்தது. 1947இல் இலங்கைத் தமிழரான மகாதேவன் சதாசிவம் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்ததை மூத்தோர் வியந்து பேசுவர். கோபாலன் கோப்பை அவ்வுறவுக்கு ஆண்டுதோறும் ஒரு மேடையாயிற்று. இலங்கை 1981இல்தான் டெஸ்ட் தகுதி பெற்றது. அதற்கு முன்னர், பெரிய அணிகளோடு மோத வழியின்றி ஏங்கிய இலங்கை இளைஞர் பலர், இந்த ஆட்டத்திலேயே தம் திறமையை அளந்து பார்த்தனர். ஒரு காலத்தில் கோபாலனுக்குச் சேப்பாக்கத்தில் வாய்ப்புத் தேவைப்பட்டது. பின்னர் அவர் பெயரே பிறர்க்கு வாய்ப்பாயிற்று.

2003ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், தொண்ணூற்று நான்காம் வயதில், கோபாலன் சென்னையில் மறைந்தார். அப்போது உலகில் உயிரோடிருந்த டெஸ்ட் வீரர்களுள் அவரே மூத்தவர். டெஸ்ட் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு போட்டி, பதினெட்டு ஓட்டங்கள், ஒரு விக்கெட் என்றிருக்கும். ஒலிம்பிக் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஏட்டைப் புரட்டினால், முதல் பந்துக்கு உரியவராக அவரே இருப்பார்.